வாசற்கதவுக்கு மறுபடி பெயிண்ட்: அடிவிளிம்பில் தொடங்கிய வேலை

ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் மல்லாக்க வைத்து, வாசற்கதவின் அடியில் நகர்த்திப் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கதவின் முன்பக்கத்தில் இதுவரை எத்தனையோ கோட் பெயிண்ட் ஏறியிருக்கிறது. அடிவிளிம்பில் ஒரு சொட்டுகூட இல்லை. வெறும் மரம் சாம்பல் நிறத்தில், ஈரம் குடித்துக் குடித்து நார் நாராகப் பிரிந்து நின்றது. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான்தான். கண்ணில் பட்ட இடமெல்லாம் பளபளவென்று அடித்தேன், குனிந்து பார்க்கவே இல்லை.

அந்தப் பெயிண்ட் இரண்டாவது மழையிலேயே கீழ்ப்பாதியில் கொப்புளம் விட ஆரம்பித்திருந்தது. மூன்றாவது வருடம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. மழைக்காலம் வந்தால் கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். அம்மா ஒவ்வொரு தடவையும், "தூக்கிச் சாத்துப்பா, இல்லைன்னா மூடாது" என்பார். பெயிண்ட் உரிவதும் கதவு சிக்குவதும் தனித்தனிப் பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் வேர் அந்த அடிவிளிம்பு.

மரத்தை நீளவாக்கில் பார்த்தால் நார்கள் படுத்துக் கிடக்கும். குறுக்கே அறுத்த முகத்தில் அதே நார்கள் ஸ்ட்ராக்களை ஒன்றாகக் கட்டி வைத்ததுபோல வாய் திறந்து நிற்கும். தண்ணீர் அந்த வாய் வழியாக ஏறுகிற வேகம் வேறு, பலகையின் முகத்தில் ஊறுகிற வேகம் வேறு. கதவின் இரண்டு பக்கமும் நிற்கிற நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுகம் சரியாகத் தரையைப் பார்த்து இருக்கிறது. தெறிக்கிற மழையும், வாசலைக் கழுவுகிற தண்ணீரும் அதில்தான் படும். உள்ளே ஏறிய ஈரம் வெயில் அடித்ததும் வெளியே வரப் பார்க்கும். வழியில் பெயிண்ட் படலம் நிற்கும். ஈரம் அதை உள்ளிருந்தே தள்ளிவிடும். கொப்புளம் வருவது இப்படித்தான். முன்பக்கத்தில் எவ்வளவு உசத்தியான பெயிண்ட் அடித்தாலும் இந்தத் தள்ளுதலை அது தாங்காது.

அதனால் இந்த முறை கதவைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நிலையில் மாட்டியபடியே முகத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாம், பலரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். ஆனால் அடிவிளிம்பைத் தொட வேண்டுமானால் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

வேலைக்கு முன்னால் இரண்டு சோதனை செய்தேன். ஒன்று, பழைய பெயிண்ட் எந்த ரகம் என்று பார்ப்பது. போன முறை நான் அடித்தது ஆயில் எனாமல் என்று நினைவு, ஆனாலும் உறுதி செய்துகொள்ள நினைத்தேன். பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் கலந்த அக்ரிலிக் வகையாக இருந்தால் இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டும். ஒன்றும் ஒட்டவில்லை. ஆயில் பெயிண்ட்தான். இரண்டாவது, பழைய படலம் மரத்தோடு எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது என்று பார்ப்பது. பிளேடால் பெருக்கல் குறிபோலக் கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தேன். மேல் பாதியில் டேப் சுத்தமாக வந்தது. கீழே மூன்றில் ஒரு பங்கில் டேப்போடு சேர்ந்து ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் அப்படியே பெயர்ந்துவந்தது. அதன் முதுகில் சாம்பல் நிற மரத்தூள் ஒட்டியிருந்தது. பெயிண்டுக்குப் பசை போகவில்லை, அது பிடித்துக்கொண்டிருந்த மரத்தின் மேல்தோல்தான் செத்துப்போயிருக்கிறது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

பழைய வீட்டுக் கதவு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முன் காலத்துப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பது சாதாரணம். வெள்ளைக்கு ஈய வெள்ளை, மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் என்று நிறமிகளே ஈயமாக இருந்தன. அதைக் காய்ந்தபடி தேய்த்தால் கிளம்பும் தூள் சிறு குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. சோதனைக் குச்சி கிடைத்தால் பார்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்கு நல்ல மாஸ்க், பொருக்கெல்லாம் பைக்குள். ஹீட் கன்னால் சுட்டு உரிப்பதும் ஈயப் பெயிண்டுக்கு வேண்டாம். என் கதவின் அடியில் எத்தனை பழைய கோட் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் முழுக்க ஈரத்தேய்ப்புதான்.

கழற்றுவதற்குத் தம்பி வந்தான். கீல் ஸ்க்ரூக்களின் வெட்டுக்குள் பழைய பெயிண்ட் அடைத்திருந்தது. திருப்புளி பிடிக்கவில்லை. பிளேடு நுனியால் ஒவ்வொரு வெட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்தபிறகுதான் திரும்பியது. அந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பல்படாமல் செலவழியுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூவின் தலை மழுங்கி அரைநாள் போய்விடும். கதவின் அடியில் இரண்டு ஆப்பைச் செருகிப் பாரத்தை அதில் ஏற்றிவிட்டு, கீழ்க் கீல் முதலில், நடுக் கீல் அடுத்து, மேல் கீல் கடைசியில். "மேல் கீலை முதல்ல எடுத்திருந்தா கதவு நம்ம மேலதாண்ணா சாஞ்சிருக்கும்" என்றான் தம்பி. உண்மைதான். மாட்டும்போது இதே வரிசை தலைகீழாக.

பூட்டு, கைப்பிடி, தாழ்ப்பாள், எண் தகடு எல்லாவற்றையும் கழற்றி, ஸ்க்ரூக்களோடு தனித்தனி உறையில் போட்டு மேலே எழுதிவைத்தேன். டேப் ஒட்டி மறைத்து அடிக்கலாமே என்று தோன்றும். டேப் ஓரத்தில் பெயிண்ட் திரண்டு நிற்கும், அங்கேதான் முதலில் பெயரும். கழற்றிவிடுவதுதான் சுலபம். இரவில் வாசலை ஒரு பிளைவுட் பலகையால் அடைத்து, உள்ளிருந்து நிலையில் ஸ்க்ரூ முடுக்கிவைத்தோம். நாங்கள் பின்வாசலில் புழங்கினோம்.

கதவை இரண்டு பெஞ்சின் மேல் படுக்கவைத்ததும் ஒன்றைச் செய்து பார்த்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்து, கதவின் முகத்தில் நல்ல பெயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சொட்டு வைத்தேன். அது முத்துபோல உருண்டு நின்றது. இன்னொரு சொட்டை அடிவிளிம்பின் வெட்டுமுகத்தில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சொட்டைக் காணோம். கறுத்த ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. தம்பியைக் கூப்பிட்டு இன்னொரு முறை வைத்துக் காட்டினேன். அவனும் குனிந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கதவையும் பார்க்க வேண்டும் என்றான்.

அடுத்தது சுரண்டல். கீழ்ப்பகுதியில் ஸ்க்ரேப்பரை நார் போகிற திசையிலேயே இழுத்தேன். எதிர்த் திசையில் இழுத்தால் மரம் சிலும்பும். பெயிண்ட் போனபிறகு தெரிந்த சாம்பல் மரத்தின் மேல் அப்படியே பிரைமர் அடித்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. மர நார்களை ஒட்டிவைத்திருப்பது லிக்னின். வெயிலின் புற ஊதாக்கதிர் அதைத்தான் அரிக்கிறது. அந்தச் சாம்பல் தோலில் பிடிப்பு இல்லை. 80 நம்பர் உப்புத்தாளால் மரத்தின் சொந்த நிறம் வரும்வரை தேய்த்தேன். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும், சாம்பல் போய் உள்ளிருந்து தேன் நிறம் எழும்பும். ஏழு நாள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

மேல் பாதிப் பெயிண்ட் உறுதியாக இருந்ததால் அதை உரிக்கவில்லை. பளபளப்பு போகிற அளவுக்கு 120 தாளால் தேய்த்துவிட்டேன். பளபளப்பான பரப்பில் புதுப் பெயிண்ட் பிடிக்காது. பழைய படலமும் வெறும் மரமும் சந்திக்கிற விளிம்புதான் கவனிக்க வேண்டிய இடம். அங்கே ஒரு சின்ன மேடு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை அதன் மேல் ஓட்டினேன். நகம் தட்டினால் மறுபடி தேய்ப்பு. தட்டாமல் வழுக்கிப் போகும்வரை விடவில்லை. இந்த மேட்டைப் பிரைமரோ பெயிண்டோ மறைக்காது. பளபளப்பு ஏறியதும் நன்றாக எடுத்துக்காட்டும்.

தேய்த்து முடிந்ததும் கை பரபரத்தது, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடலாம் என்று. ஈரமானி ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். மேல் சட்டத்தில் 12 சதவீதம், கீழ்ச் சட்டத்தில் 19. மரத்தில் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகே பெயிண்ட் என்பது பொதுக்கணக்கு. சரி என்று கதவை நிழலில், காற்றோட்டமான இடத்தில், அடியில் கட்டை கொடுத்து நிற்கவைத்துவிட்டேன். வெயிலில் சாய்த்தால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து கதவு வளையும். நான்காவது நாள் கீழ்ச் சட்டத்தில் 14 காட்டியது. அப்புறம்தான் அடுத்த வேலை.

காத்திருந்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. மழைக்காலத்தில் சிக்குகிற கதவை மழைக்காலத்திலேயே இழைத்துவிடலாம் என்று சென்ற வருடம் இழைப்புளியை எடுத்தேன். அப்போது ஒரு தச்சர், "ஊதிப்போயிருக்கிறதைச் சீவாதீங்க தம்பி, காஞ்சதும் சந்து விழும்" என்று தடுத்தார். இப்போது காய்ந்த கதவைத் தற்காலிகமாக மாட்டி, நிலையின் உள்விளிம்பில் சாக்பீஸ் தடவிச் சாத்திப் பார்த்தேன். கதவின் பூட்டுப்பக்க விளிம்பில் மேலே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளை ஒட்டியது. அந்த இடத்திலும் உரசியது மரம் இல்லை, வருடக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய பெயிண்ட். அதைச் சுரண்டியதும் 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கிடைத்துவிட்டது. இழைப்புளிக்கு வேலையே வரவில்லை. தச்சர் தடுத்திராவிட்டால் நல்ல மரத்தைச் சீவியிருப்பேன்.

பழைய ஆணி ஓட்டைகளுக்கும் வெடிப்புகளுக்கும் வெளிப்புறத்துக்கான மரப் பட்டி வைத்தேன். ஆழமான வெடிப்பில் ஒரேயடியாக அடைக்காமல் இரண்டு தடவையாக வைத்தேன், காயும்போது பட்டி உள்வாங்கும். ஆனால் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் தெரிகிற மெல்லிய இடுக்கை அடைக்கவில்லை. நடுப்பலகை சட்டத்தின் பள்ளத்துக்குள் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. ஈரத்துக்கு விரியவும் வெயிலுக்குச் சுருங்கவும் அதற்கு அந்த இடம் வேண்டும். அங்கே பட்டியை இறுக்கி அடைத்தால் பலகையே பிளந்துவிடலாம்.

மரத்தில் இரண்டு கணுக்கள் இருந்தன. கணுவிலிருந்து பிசின் கசிந்து மேல் பெயிண்டில் மஞ்சள் கறையாக எழும்பும். அவற்றின் மேல் மட்டும் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு, இரண்டு கோட் தடவினேன்.

பிரைமருக்கு ஆயில் வகையை எடுத்தேன், மேலே அடிப்பதற்கு வெளிப்புற அக்ரிலிக் எனாமலை எடுத்தேன். இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து இதுதான்: ஆயில் எனாமல் அடித்த அன்று கண்ணாடிபோல் இருக்கும், ஆனால் அது காற்றோடு சேர்ந்து இறுகிக்கொண்டே போகிற வகை. வெயிலில் வருடங்கள் போகப்போக மொறுமொறுப்பாகி, கதவு விரிந்து சுருங்கும்போது கூடவே வளைந்து கொடுக்காமல் வெடிக்கும். அக்ரிலிக் இளக்கத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த ஆயில் பிரைமர் மேல் அக்ரிலிக் அடிக்கலாம். இளகிய அக்ரிலிக் மேல் இறுகுகிற ஆயில் எனாமலை அடிப்பதுதான் வம்பு. பிரைமர் மட்டும் ஏன் ஆயில் என்றால், அது மரத்துக்குள் நன்றாக இறங்கும், கறை மேலே வருவதையும் தடுக்கும்.

பிரைமரை முதலில் தொட்டது அடிவிளிம்பில்தான். பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்து நீர்க்க வைத்து, பிரஷ் நிறைய எடுத்து வெட்டுமுகத்தில் வைத்தேன். உறிஞ்சிவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி உறிஞ்சியது. மூன்றாவது தடவைதான் மேலே ஈரம் மினுங்கி நின்றது, அப்போது விட்டேன். மறுநாள் கலக்காத பிரைமர் ஒரு கோட். மேல்விளிம்புக்கும் இதே கவனிப்பு, அங்கேயும் வெறும் மரம்தான் இருந்தது. பூட்டுக்குக் குடைந்த துளையின் உள்பக்கம், கைப்பிடி வருகிற ஓட்டை, கீல் உட்காரும் பள்ளம் எல்லாவற்றுக்குள்ளும் சின்ன பிரஷ் விட்டேன். அதற்கப்புறம்தான் முன்பக்கம். டர்பன்டைன் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போட்டேன். குறிப்பாக ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி காயும்போது தானே சூடேறும், குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கவும் செய்யும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. பழையது அடர் பழுப்பு. பிற்பகல் வெயில் நேராக விழுகிற வாசல் இது, அந்த நேரத்தில் கதவில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியாது. அடர் நிறம் வெப்பத்தை வாங்கிச் சேர்க்கும், மரத்தின் இணைப்புகள் இளகும், கணுப் பிசின் உருகும். அதனால் இந்த முறை வெளிர்ந்த சாம்பல் பச்சை. ஒரு பலகைத் துண்டில் அடித்து, காலையிலும் மாலையிலும் வாசலில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்தோம். அளவு என்று பார்த்தால், 2.1 மீட்டர் உயரம், 0.9 மீட்டர் அகலம், வெளிப்பக்கத்தோடு விளிம்புகளையும் சேர்த்து 2.1 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் போகும். இரண்டு கோட்டுக்கு அரை லிட்டர் போதுமானது.

விளிம்புகளின் நிறத்தில் பலருக்கும் குழப்பம் வரும். எங்கள் கதவு உள்பக்கம் திறக்கிறது. திறந்து வைத்தால் பூட்டுப்பக்க விளிம்பு உள்ளே இருப்பவருக்குத் தெரியும், கீல்பக்க விளிம்பு வெளியிலிருந்து தெரியும். அதனால் பூட்டுப்பக்கத்துக்கு உள்நிறம், கீல்பக்கத்துக்கு வெளிநிறம்.

அடிக்கிற வரிசை: முதலில் பலகைகளும் அவற்றைச் சுற்றியுள்ள பீடிங்கும், அப்புறம் நடுவில் நிற்கிற சட்டம், பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியில் இரண்டு நெடுஞ்சட்டங்கள். ஒரு மரம் முடிந்து இன்னொரு மரம் தொடங்குகிற இணைப்பில் பிரஷ் தடமும் திரும்ப வேண்டும், அதற்காகத்தான் இந்த வரிசை. சட்டங்களில் சின்ன ஃபோம் ரோலரால் பரப்பி, ஈரம் காய்வதற்குள் பிரஷ் நுனியால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அக்ரிலிக்குக்குச் செயற்கை நார் பிரஷ்தான் வேண்டும், பன்றி முடி பிரஷ் தண்ணீரில் ஊதிப் பரந்துவிடும். காய ஆரம்பித்த இடத்தில் ஒரு பிசிறு தெரிந்தால் தொடாதீர்கள். காய்ந்தபிறகு தாளால் எடுத்துவிடலாம். பாதி காய்ந்ததைச் சீண்டினால் கோடு கோடாக நிற்கும்.

முதல் கோட்டை மறுநாள் 320 தாளால் லேசாகத் தடவி, தூளைத் துடைத்துவிட்டு, காலையிலேயே இரண்டாவது கோட். மாலையில் அடிக்காததற்குக் காரணம் பனி. ஈரப் பெயிண்ட் மேல் பனி இறங்கினால் பளபளப்பு மங்கிவிடும்.

தவறு கடைசியில் நேர்ந்தது. இரண்டாவது கோட் தொட்டால் ஒட்டவில்லை என்றதும் அன்று மாலையே கதவை மாட்டி, நிலையில் ரப்பர் பட்டையும் ஒட்டிச் சாத்திவிட்டேன். காலையில் திறக்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம். பூட்டுப்பக்கத்தில், ரப்பர் அழுந்திய இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குப் பெயிண்ட் ரப்பரோடு போய்விட்டது. அக்ரிலிக் தொடும்போது காய்ந்ததுபோல இருக்கும். முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அழுத்திவைத்தால் ஒட்டிக்கொள்ளும். பட்டையை எடுத்துவிட்டு, பெயர்ந்த இடத்தைத் தேய்த்து, பிரைமரும் இரண்டு கோட்டும் தனியாகப் போட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் ரப்பரை மறுபடி ஒட்டினேன், ஒட்டிய அன்று அதன் மேல் கொஞ்சம் முகப்பவுடரும் தடவினேன். அப்புறம் ஒட்டவில்லை. கிட்டத்தில் வந்து பார்த்தால் அந்த ஒட்டுவேலை இன்னும் தெரியும்.

அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுதாகப் போயிருக்கிறது. நல்ல மழை நின்ற ஒரு காலையில் கைக்கண்ணாடியை மறுபடி கதவின் அடியில் தள்ளிப் பார்த்தேன். அடிவிளிம்பில் வரிசையாகச் சொட்டுகள் தொங்கின, உருண்டையாக, உள்ளே போக வழியில்லாமல். கதவும் சிக்கவில்லை. இப்போது காற்று உலர்ந்ததும் நடுப்பலகை கொஞ்சம் சுருங்கி, அதன் ஓரத்தில் நூல் கனத்துக்கு வெள்ளைப் பிரைமர் எட்டிப் பார்க்கிறது. பலகை சுருங்கியிருக்கிற நேரத்தில்தான் அந்தக் கோட்டின் மேல் பெயிண்ட் இழுக்க முடியும். மீதிப் பெயிண்டைச் சின்னப் பாட்டிலில், மூடிவரை நிரப்பி, நிறத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை, வெயில் வாசலுக்கு வருவதற்கு முன்னால் அதை முடித்துவிட வேண்டும்.